ஒரு கசெட்டுக்காக மண்டூர் போனது

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. ஐந்தும் தங்கள் காலில் நிற்கின்றன. ஆரையம்பதியில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நிலானி எழுதுகிறாள்.

நாங்கள் இருப்பது ஜேர்மனியில் ஒரு சின்ன நகரம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் முன்பு ஒரு நூல் ஆலை இருந்தது. ஆலையை மூடியபின் அதை ஆட்ட மண்டபம் ஆக்கினார்கள். இளம் பிள்ளைகள் வந்து விடியும் வரைக்கும் ஆடுவார்கள். விடிந்தபின் நான் போவேன். தரையில் சிகரெட் அடி, கண்ணாடித் துண்டு, சிந்திய பியர். கக்கூஸில் வாந்தி. பதினொரு வருடம் நான் அதைக் கழுவினேன்.

அங்கே பாட்டுப் போடுகிறவன் பெயர் ஊவே. எல்லோரும் போனபின்னும் அவன் போகமாட்டான். மேடையில் தன் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பான். ஒன்று வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் வைத்த பெட்டி. இன்னொன்று கை படாமலே மேளம் அடிக்கும் பெட்டி. சின்தசைசர் என்று நிலானி இப்போது பெயர் சொல்லித் தருகிறாள். எனக்கு அப்போது அது தையல் மெஷினும் கேத்தல் விசிலும் சேர்ந்து பாடுவது போல இருந்தது. டும் டும் என்று நாலு அடி, மாறவே மாறாது. அதற்கு மேல் ஒரு மெட்டு சுற்றிச் சுற்றி வரும். அவன் சொந்தமாகக் கட்டிய மெட்டுகள். அந்த நாலு அடிக்குத்தான் நான் தரை கூட்டும் தும்புத்தடியைத் தள்ளினேன். பாட்டு என்று நினைத்துக் கேட்டதில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் கடைசியாகப் போன குடிகாரன் ஒருவன் என் வாளியைக் காலால் தட்டிக் கொட்டினான். ஊவே பாட்டை நிறுத்தினான். குடிகாரனின் கையில் துணியைக் கொடுத்தான். குடிகாரன் குனிந்து துடைத்து முடித்த பிறகுதான் ஊவே திரும்பவும் பாட்டைப் போட்டான். அதற்குப் பிறகு ஊவே கேட்டதை நான் மறுத்ததில்லை.

எழுதத் தெரியாதவள் ஊருக்கு எப்படிக் கடிதம் போடுவது? கசெட்டில் பேசித்தான் அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் சனத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். என் மூன்று பிள்ளைகளும் அம்மாவிடமும் தங்கச்சி பாக்கியத்திடமும் இருந்தார்கள். நான் இருந்த அறையில் நாலு பேர், மனம் விட்டுப் பேச இடமில்லை. ஆகவே மண்டபத்தில், வேலை முடிந்ததும், வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, ஊவே தந்த கசெட்டைக் குரல் பதியும் சின்னப் பெட்டியில் போட்டு அம்மாவோடு பேசுவேன். பின்னால் அவன் வாசித்துக்கொண்டிருப்பான். என் பேச்சும் அவன் பாட்டும் ஒன்றாகவே பதியும்.

ஒரு பொய்யும் பதிந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா கோயில் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் அவர் கையில், ஊரில் முதல் மரியாதை அவருக்கு. வண்ணக்கரின் மகள் குடித்து ஆடுகிற இடத்தில் கக்கூஸ் கழுவுகிறாள் என்று எப்படிச் சொல்வேன்? ஆசுப்பத்திரியில் நேர்ஸ்மாருக்கு உதவியாக இருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் பின்னால் கேட்கிற டும் டும் என்ன? ஆசுப்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு கலியாண மண்டபம் என்றேன்.

போன வருடம் நிலானி என்னை ஊவேயிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய வயதுப் பிள்ளைகள் இப்போது அந்தப் பழைய மெஷின் பாட்டைத்தான் தேடித் திரிகிறார்கள். நான் வேலை செய்த மண்டபம் என்று தெரிந்ததும் அவள் என்னை விடவில்லை. ஊவேக்கு எழுபதுக்குக் கிட்ட. கிழமையில் மூன்று நாள் சிறுநீரக மெஷினில் படுக்கிறான். கதவைத் திறந்து என்னைப் பார்த்தவுடன், "பெட்டியோடு பேசுகிற பெண்" என்றான்.

அவன் கட்டிய மெட்டுகள் எல்லாம் நிலவறையில் இருந்திருக்கின்றன. ஒரு மாரியில் வெள்ளம் புகுந்து ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய பாட்டுகளைத் தேடி இசைத்தட்டாக வெளியிடும் இளம் பிள்ளைகள் வந்து கேட்கிறார்களாம், கொடுக்க எதுவும் இல்லையாம். "இசைத்தட்டு வராவிட்டால் பரவாயில்லை. ஒன்றையாவது ஒரு தரம் கேட்டுவிட்டுப் போக வேண்டும்" என்றான். பிறகு, "நீங்கள் பேசிய கசெட்டுகள் எங்கே?" என்று கேட்டான்.

"ஊரில்" என்றேன்.

அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் போக முடிவு செய்துவிட்டேன். நிலானி தானும் வருவதாகச் சொன்னாள். நாற்பது வருடத்துக்கு முன் தனியாக வந்தவள் தனியாகவே போவேன் என்றேன்.

மட்டக்களப்பு ரயிலில் எனக்கு எதிரே இரண்டு ஜேர்மன் பெடியன்கள். பாசிக்குடாவுக்குக் குளிக்கப் போகிறவர்கள். ஒருவன் மற்றவனிடம் தங்கள் மொழியில், "இந்தக் கிழவி பாவம், பையைத் தூக்க முடியாமல் இருக்கிறாள், இறங்கும்போது உதவு" என்றான். நல்ல பிள்ளைதான். அவன் காதில் மாட்டியிருந்ததிலிருந்து சத்தம் கசிந்தது. நாலு அடி, மேலே சுற்றி வரும் மெட்டு.

"பையை நான் தூக்குவேன். நீ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு, இது எனக்குத் தெரிந்த பாட்டு" என்று ஜேர்மனில் சொன்னேன்.

அவன் முகம் சிவந்துபோனது. கையில் இருந்த போனைப் பார்த்துவிட்டு, "இது நான் பிறப்பதற்கு முந்தியது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"இதற்குத்தான் பதினொரு வருடம் தரை கூட்டினேன்."

அதற்குப் பிறகு அவர்கள் இறங்கும் வரைக்கும் எனக்குப் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்தவை நாலோ ஐந்தோ இருந்தன. எல்லாம் ஊவே மண்டபத்தில் போட்ட மற்றவர்களின் பாட்டு, அவன் கட்டியது ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடலை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்ததை மற்றப் பயணிகள் எல்லோரும் கவனித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த நாள் மண்டூருக்குப் புறப்பட்டேன். பாக்கியம் கலியாணம் முடித்துப் போன ஊர். குருமண்வெளித் துறையில் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆளையும் சைக்கிளையும் ஓட்டோவையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவையை எங்கள் பகுதியில் பாதை என்பார்கள். முன்பு கயிறு பிடித்து இழுத்தார்கள், இப்போது மெஷின் வைத்திருக்கிறார்கள். நடு ஆற்றில் அந்த மெஷின் நின்றுவிட்டது. தண்ணீரில் மிதந்து படரும் ஆற்றுவாழை விசிறியில் சுற்றிக்கொண்டதாம்.

ஓட்டுகிறவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியோடு தண்ணீருக்குள் இறங்கினார். வெயில் தலையைப் பிளந்தது. நான் எட்டிப் பார்த்து, "தம்பி, எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"வெட்டினா பத்து நிமிசம். மறுகாலும் சுத்தினா ஆற்றுவாழைக்கிட்டத்தான் கேக்கணும்."

பக்கத்தில் வாழைக்கன்றுகளோடு நின்ற பெண், "எங்கயிருந்துகா வாறீங்க?" என்றார்.

"ஜேர்மனியில இருந்து."

"அப்ப உங்களுக்கு அவசரமிருக்காது" என்று சொல்லி ஒரு கன்றை என் கையில் பிடிக்கத் தந்தார்.

எங்கள் நகரத்தில் ரயில் நாலு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே அரை மணித்தியாலம் நின்றோம், ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவருக்கும் அது குறையாகவும் தெரியவில்லை. அதற்குள் அந்தப் பெண்ணின் மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மண்டூர்த் துறையில் பாக்கியம் குடையோடு நின்றாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாள். "வெள்ளைக்காரன்ட ஊரில இரிந்தும் கறுத்துத்தான் போயிரிக்காய்க்கா" என்றாள்.

"நடு ஆத்தில அரை மணித்தியாலம் வேக வச்சாங்கள்."

"அப்ப சரி. நல்லா வெந்திரிக்காய்."

மத்தியானம் குழல் பிட்டு, கூனி இறால் சுண்டல், தேங்காய்ப்பாலில் மாங்காய் போட்ட பாலாணம். கடைசியில் சட்டியோடு எருமைத் தயிரை எடுத்து வைத்தாள். கரண்டியைக் குத்தினால் சாயாமல் நின்றது. ஜேர்மனியில் தயிர் என்று பிளாஸ்டிக் கோப்பையில் ஒன்று விற்கிறார்கள். அதை நான் தயிர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரிய பாவம்.

பக்கத்து வீட்டுப் பெண் பார்க்க வந்தார். வழக்கம்போல நான் பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து என்று சொன்னேன். பாக்கியம் தயிர்ச் சட்டியை மூடிக்கொண்டே, "அஞ்சு வருசம் என்ட கையில சோறு திண்டதுகளையும் சேத்துத்தான் எண்ணுறியாக்கா?" என்றாள்.

"சேத்துத்தான். உன்ட ரெண்டுக்கும் சப்பாத்து வாங்கி அனுப்பினது ஆர்?"

"சப்பாத்து அனுப்பினா வளத்ததாகா?"

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டு எழுந்து போனார். பாக்கியம் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் என் கணக்கை நான் மாற்றவில்லை.

ஆறுதலாக இருந்தபின் கசெட்டுகளைப் பற்றிக் கேட்டேன். எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரன் ஒருவனுக்கு அதில் இருக்கும் பாட்டு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பிஸ்கட் டின்னில் இருபத்து மூன்று இருந்திருக்க வேண்டும்.

"உன்ட பேச்சுக் கசெட்டா? அதையெல்லாம் ரவி உன்னிச்சைக்குக் கொண்டு போனான்" என்றாள். ரவி அவளுடைய மருமகன், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறவன்.

"பாட்டுக் கேக்கவா?"

"குருவி கலைக்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் தொடர்ந்து பேசினாள். "அதில என்ன பாட்டு? பாண் விக்கிறவன் ஓட்டோவில போட்டுக்கொண்டு வாற சத்தம் மாதிரி. அம்மா ஒவ்வொரு கசெட்டுக்கும் கேப்பா, ஆசுப்பத்திரிக்குப் பக்கத்தில கலியாண மண்டபம் கட்டினவன் மடையனா எண்டு. நோயாளி எப்பிடி நித்திரை கொள்ளும் எண்டு கவலைப்படுவா."

நான் தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

மூன்றாம் நாள் உன்னிச்சைக்குப் போனேன். பஸ்ஸில் பாதி, ஓட்டோவில் பாதி. யானை வேலியைத் தாண்டியதும் ஓட்டோவின் சில்லுக்குக் காற்றுப் போனது. மாற்றுச் சில்லுக்கும் காற்றில்லை. ஓட்டுகிறவர் இறங்கி நின்று இரண்டு சில்லையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நடந்தேன்.

ரவி வரப்பில் நின்றான். கதிரில் பால் பிடிக்கிற நேரம், குருவி கூட்டமாக இறங்கும். கச்சான் காற்று பலமாக வீசியது. வயலுக்குக் குறுக்கே தடி நட்டு, தடிக்குத் தடி கசெட் நாடாவை இழுத்துக் கட்டியிருந்தான். காற்றில் அது முறுகி முறுகி மின்னியது. வண்டு போல ஒரு இரைச்சல் விடாமல் கேட்டது. அந்த இரைச்சலுக்குக் குருவி கிட்ட வராது.

"பெரிய மாமி, உங்கட நாடா மாதிரி வராது" என்றான். அவனுக்கு உண்மையான பெருமை. "கடையில வாங்கிறது ஒரு போகத்துக்குள்ள அறுந்திரும். இது ஜேர்மன் நாடா. இந்த வயல் வட்டையில ஆரிட்டயும் இல்ல. மூண்டு போகம் நிக்குது."

"எல்லாத்தையும் கட்டிட்டியா மகன்?"

"இருபத்திரெண்டையும் கட்டிட்டன். தேவையெண்டா கொஞ்சம் அவிட்டுத் தாறன்."

கிட்டப் போய் நாடாவைத் தொட்டுப் பார்த்தேன். மண்ணிறத் தூள் விரலில் ஒட்டியது. நாடா கண்ணாடி போல வெளிறிக் கிடந்தது. அந்தத் தூளில்தான் பாட்டும் பேச்சும் இருக்கிறது என்று நிலானி ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். ரவி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நெல்லைக் காப்பாற்றியிருக்கிறான். அவன் மனைவி குளத்து மீன் பொரித்துச் சோறு தந்தாள். தின்றேன், ருசி தெரியவில்லை. வெறுங்கையோடு போய் ஊவேயின் கதவைத் தட்டுவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் மண்டூரில், கிணற்றடியில், பாக்கியம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கல்லில் இருந்தேன்.

"ரெண்டு நாளா ஒழுங்கா நீ தின்னல்ல. அந்த வெள்ளைக்காரன்ட பாட்டுக்கு ஏன்கா இவ்வளவு யோசினை? ஆசுப்பத்திரியில பாட்டுக்காரனுக்கு என்ன வேல?" என்றாள்.

எழுபத்தாறு வயதில் பொய்யைக் காப்பாற்றுவது பாரம். "நான் ஆசுப்பத்திரியில வேல செய்யல்ல. ஆட்ட மண்டபத்தில கக்கூஸ் கழுவினன். அந்த மெட்டுக் கட்டினவன்தான் ஊவே. நான் பேசக்குள்ள பின்னால வாசிச்சவன் அவன்தான்" என்றேன்.

பாக்கியம் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். முப்பத்தஞ்சு வருசமாத் தெரியும்." கையைக் கழுவினாள். "ரவி இருபத்திரெண்டு எண்டு சொல்லியிரிப்பானே. நீ இருபத்து மூண்டெல்லோ அனுப்பினாய்."

எழுந்து உள்ளே போய், அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு கசெட்டைக் கொண்டுவந்தாள்.

ஒரு தரம் கக்கூஸைக் கழுவாமல் விட்டுவிட்டு முதலில் பேசி, பேசி முடித்தபின் பெட்டியை நிறுத்த மறந்து, அப்படியே வாளியைத் தூக்கிக்கொண்டு கக்கூஸுக்குப் போயிருக்கிறேன். நான் அங்கே வாய்க்கு வந்தபடி திட்டித் திட்டிக் கழுவியதெல்லாம் பதிந்துவிட்டது. அந்தக் கசெட்டைத்தான் அனுப்பியிருக்கிறேன். நல்ல காலம், அம்மாவும் பாக்கியமும் மட்டும்தான் கேட்டார்கள். மற்றக் கசெட்டுகளுக்கு அயல் முழுக்க வந்திருந்து கேட்கும். இதை மட்டும் அம்மா எடுத்துச் சேலைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார்.

"அவளாச் சொல்லுமட்டும் நமக்குத் தெரியாது எண்டு அம்மா சத்தியம் வாங்கினா. சாகக்குள்ளயும் சொன்னா. அதான் நீ வாய் திறக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றாள் பாக்கியம்.

"நான் உன்னிச்சை வரைக்கும் நடந்து போனனே."

"இன்னும் ரெண்டு நாள் பேசாம இரிந்திருந்தா கண்டிவரைக்கும் விட்டிருப்பன்."

ஐந்தாம் நாள் இருவரும் டவுனுக்குப் போனோம். கசெட்டைப் போட்டுப் பார்க்கப் பெட்டி வேண்டும். மூன்று கடையில் சிரித்தார்கள். நாலாவது கடைக்காரர் பெனடிக்கிடம் போகச் சொன்னார். பெனடிக் போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கியர், என் வயது இருக்கும், ரேடியோ திருத்துகிற சின்னக் கடை. இளமையில் கலியாண வீடுகளில் பயிலா என்கிற துள்ளல் ஆட்டப் பாட்டுக்குக் கிற்றார் அடித்தவர்.

கசெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுருளில ஈரம் புடிக்கல்ல. ஆர் வச்சிருந்தது? நல்லா வச்சிருக்காங்க" என்றார். பேனையை ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றினார். தன் பெட்டியின் ரப்பர் வார் இளகியிருந்ததால் வேறு ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டார். அதற்கே ஒரு மணித்தியாலம் போனது. நாங்கள் வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாங்கில் இருந்தோம். பாக்கியத்தை வெளியே போகச் சொல்வதா என்று யோசித்தேன். பிறகு, முன்பே கேட்டவளுக்கு இன்னொரு தரத்தில் என்ன என்று விட்டுவிட்டேன்.

முதலில் டும் டும். பிறகு என் குரல். இவ்வளவு மெல்லிய குரல் எனக்கு இருந்ததென்று மறந்துபோயிருந்தேன். "அம்மா, நான் சுகம். நீங்க சுகமா? சின்னவனுக்குப் பூச்சி மருந்து குடுங்க. மூத்தவள்ட தலைக்கு வேப்பெண்ணெய் வைங்க. இங்க ஆசுப்பத்திரியில எல்லாரும் என்னில நல்ல அன்பு." கேட்கக் கேட்கக் காது சுட்டது.

பிறகு வாளி இழுபடும் சத்தம். என் குரல் தூரத்தில், கூரை எதிரொலிக்க. "நாசமாப் போவாங்கள், குடிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கோப்பைக்க கக்கத் தெரியாதா? பாருங்க அப்பா, வண்ணக்கர்ட மகள் கக்கூஸ் கழுவுறாள். நல்லாப் பாருங்க. நல்லாக் கழுவுறாள்." தும்புத்தடி தரையில் உரசும் சத்தம். கொஞ்ச நேரத்தில் நான் ஊவேயின் மெட்டைத் தன்னானே என்று பாடத் தொடங்கியிருக்கிறேன்.

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை.

பெனடிக் சிரிக்கவில்லை. ஒரு விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்க தாளத்துக்குத்தான் ஏசுறீங்க" என்றார்.

"இல்ல. நான் கோவத்தில ஏசுறன்."

"கோவம்தான். ஆனா நாலாவது அடியில விழுகுது." பின்னுக்குச் சுற்றித் திரும்பவும் போட்டார். உண்மைதான். பாருங்க அப்பா என்பதும் நல்லாப் பாருங்க என்பதும் அடியில் வந்து விழுந்தன. தும்புத்தடியும் அப்படித்தான்.

"மேளம் மெஷின், கீழ போற கட்டைச் சத்தமும் மெஷின். மெட்டு மட்டும் ஆள்ட விரல். இந்த இடத்தில பிழை விடுறான், கேளுங்க. மெஷின் பிழை விடாது" என்றார். "அந்த நேரம் இப்பிடிப் பாட்டு வரக்குள்ள நாங்க பயிலாக்காரர் சிரிச்சம், இது ஆக்கள் இல்லாத கலியாண வீடு எண்டு. இப்ப கேக்க என்னமோ நல்லாத்தான் இரிக்கு."

மூன்றாம் தரம் போட்டபோதுதான் நான் என் குரலை விட்டு மெட்டைக் கேட்டேன். ஆறு சுரம் ஏறி, ஒன்று தயங்கி, இரண்டு இறங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கிருந்தோ ஒரு சின்னச் சத்தம் புதிதாக வந்து சேரும். முதல் சுற்றும் பத்தாம் சுற்றும் ஒன்று போல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. பதினொரு வருடம் நான் கூட்டித் தள்ளிய சத்தத்துக்குள் ஒருவன் இவ்வளவு கவனமாக வேலை செய்திருக்கிறான். அவன் வேலையை நான் கேட்கவில்லை, என் வேலையை அவன் பார்க்கவில்லை. இருவரும் ஒரே மண்டபத்தில் இருந்தோம்.

கசெட்டை அம்மாவின் சேலைத் துண்டிலேயே சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் அது என்ன என்று கேட்டார்கள். கடிதம் என்றேன்.

ஊவே கதிரையில் இருந்து கேட்டான். பிழை விட்ட இடம் வந்ததும் கையை உயர்த்தி, "இதை நான் மறந்தே போனேன்" என்று சிரித்தான். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னான். "நீங்கள் என்ன பேசுகிறீர்கள்?" என்று கேட்டான். ஒரு சொல் விடாமல் ஜேர்மனில் சொன்னேன், வாந்தியையும் வண்ணக்கரையும் சேர்த்து. "பதினொரு வருடத்தில் ஒரு தரம்கூட நான் அந்தத் தும்புத்தடியைப் பிடிக்கவில்லை" என்றான்.

"நீ பிடித்திருந்தால் தாளம் தப்பியிருக்கும்" என்றேன்.

அவன் கேட்டுவிட்டான். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. இசைத்தட்டுப் போடும் பிள்ளைகள் அந்த ஒன்றையே வெளியிட ஆசைப்படுகிறார்கள். இப்போது கணினி பாட்டிலிருந்து குரலை உரித்து எடுத்துவிடுமாம், வாழைப்பழத் தோல் போல. மெட்டு தனியாக வரும். குரலோடு விடுவதா, உரித்து விடுவதா என்று என்னைக் கேட்கிறார்கள். ஊவே, "அது உங்களுடைய கடிதம். நீங்கள் சொல்வதுதான்" என்றான்.

ஒரு கிழமை யோசித்தேன். வெளிவந்தால் ஆரையம்பதிச் சனம் எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டு நாளில் போனில் கேட்டுவிடும். வண்ணக்கரின் மகள் என்ன கழுவினாள் என்று தெரிந்துவிடும். என் பிள்ளைகளில் இரண்டு பேர் உரிக்கச் சொன்னார்கள். அவர்களுக்கும் நான் ஆசுப்பத்திரி என்றுதான் சொல்லி வளர்த்திருந்தேன். மூத்தவள் மட்டும், "அந்தக் கைதானே எங்களைக் கூப்பிட்டு எடுத்தது" என்றாள்.

நான் யோசித்தது அம்மாவைத்தான். அம்மா அந்தக் கசெட்டை எரித்திருக்கலாம், எரிக்கவில்லை. தன் சேலைக்குள் வைத்தார். நானாகச் சொல்லும் வரைக்கும் என்றுதான் வைத்தார். நான் சொல்லாமலே அவர் போய்விட்டார். இனி உரித்து எடுத்தால் அவர் காத்திருந்ததற்கு என்ன பொருள்?

குரலோடு விடுங்கள், ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம் என்று சொல்லி, என் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். இசைத்தட்டின் அட்டைக்குள் இந்தக் கதை தமிழிலும் இருக்கட்டும் என்றேன். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னது.

நிலானி, இவ்வளவு காணும். பேனையை வைத்துவிட்டு முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு, ஆறுதலாக. கக்கூஸ் என்று நான் சொன்ன இடத்தில் குளியலறை என்று நீ எழுதியிருப்பாய், எனக்குத் தெரியும். அங்கே வந்ததும் நிறுத்தி, நான் சொன்னபடி எழுதிவிட்டு, மேலே வாசி மகள்.